செத்த புழுவுக்கு ஓர் இலை

தேவசகாயம் ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர். அவருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார். கல்லூரியில் இதை வைத்துக் கேலி பேசியவர்கள் உண்டு. இருவருமே அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆடு வாய் வைக்காத செடி என்பதால் அதற்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். அதன் இலைச்சாற்றைத்தான் தேவசகாயம் ஆராய்ந்தார். முதலில் கிருமி வளர்த்த தட்டுகளில் சாற்றை வைத்துப் பார்த்தார். சாறு பட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்தது. அதை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். மெஹருன்னிசா தலையாட்டினார். அன்றைக்குத் தேவசகாயத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது புழு. நிலக்கடலை இலையை அரித்துத் தின்னும் புரோடீனியா புழு. புழுவின் சாவை அளக்க ஸ்கேல் கிடையாது. சாற்றில் நனைத்து உலர்த்திய ஆமணக்கு இலையைச் சில டப்பாக்களில் போட வேண்டும், வெறும் தண்ணீரில் நனைத்த இலையை வேறு சில டப்பாக்களில் போட வேண்டும், எல்லாவற்றிலும் புழுக்களை விட வேண்டும். பிறகு ஒவ்வொரு புழுவையும் பிரஷ் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் செத்தது. இந்த வேலையில் அவ்வளவுதான் சட்டம்.

அன்று புழுக்களை எண்ணும் நாள். தேவசகாயத்தின் போன் மேசைமேல் இருந்தது. ஊரில் அவருடைய தம்பி சின்னப்பன் காத்துக்கொண்டிருந்தான். கடலைக் கொல்லையில் புழு இறங்கிவிட்டது. கடை மருந்தை அடிப்பதா, அண்ணனின் இலைச்சாற்றை அடிப்பதா என்று மதியத்துக்குள் அவனுக்குச் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டால் இலையில் நரம்புதான் மிஞ்சும்.

சில வருஷங்களுக்கு முன்பு கடை மருந்து அடிக்கும்போது சின்னப்பன் வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். வாயில் நுரை தள்ளிவிட்டது. அவன் பிழைத்தது பெரிய விஷயம். அதற்குப் பிறகு அவன் கடலையே போடவில்லை. இந்த வருஷம்தான் அண்ணனை நம்பிப் போட்டிருந்தான்.

தேவசகாயம் பிரஷைக் கையில் எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் நின்றார்.

“மேடம், புழு செத்துடுச்சுன்னு எதை வச்சு முடிவு பண்றது? சிலது அரைகுறையா கிடக்குதே.”

“தொட்டுப் பாருங்க சார்.”

தண்ணீர் டப்பாவில் ஒரு புழு அசையாமல் கிடந்தது. தொட்டார். அசையவில்லை. மறுபடி தொட்டார், கொஞ்சம் அழுத்தியே தொட்டார். அப்புறம் புரட்டிப் போட்டார். புழு லேசாக நெளிந்தது. உயிர் என்று குறித்துக்கொண்டார்.

சாறு டப்பாவிலும் ஒரு புழு அப்படியே கிடந்தது. பிரஷ் நுனி அதன்மேல் பட்டதும் படாததுமாக இருந்தது. அது அசையவில்லை. செத்தது என்று எடுத்துத் தட்டில் போட்டார். அடுத்ததையும் அப்படியே தொட்டார், அப்படியே போட்டார்.

மெஹருன்னிசா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு நிறைந்ததும் தேவசகாயத்தின் முகம் மலர்ந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். ஒரு கை தட்டிலிருந்த புழுக்களை ஸ்பிரிட்டில் கொட்டப் போனது, மறு கை போனுக்குப் போனது.

“இருங்க சார்,” என்றார் மெஹருன்னிசா.

அவர் வெளியே போய், கட்டடத்துக்குப் பின்னால் நின்ற ஆமணக்கிலிருந்து ஓர் இலையைப் பறித்து வந்தார். கழுவித் துடைத்தார். தட்டில் கிடந்த புழுக்களின் மேல் அதை வைத்து, மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டார்.

“செத்த புழுவுக்கு எதுக்கு மேடம் இலை?”

“எனக்கு ரெண்டு வகுப்பு இருக்கு. வர்ற வரைக்கும் துணியை எடுக்காதீங்க.”

தேவசகாயத்துக்குக் கோபம் வந்தது. கொல்லையில் புழு வகுப்பு முடியும்வரை காத்திருக்காது என்றார். தம்பியின் பயிர் ஒன்றும் தேர்வுத் தாள் இல்லை, ஆற அமரத் திருத்துவதற்கு என்றார். மெஹருன்னிசா சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேவசகாயம் தட்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. எடுத்து, இதோ சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார். துணியைத் தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தூக்க முடியாதபடி ஏனோ பயமாகவும் இருந்தது.

மெஹருன்னிசா திரும்பி வந்தார். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“எடுங்க சார்.”

தேவசகாயம் துணியை எடுத்தார். சில புழுக்கள் உண்மையிலேயே செத்துக் கறுத்துக் கிடந்தன. மற்றவை இலைமேல் ஏறியிருந்தன. இலையின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தது. ஒரு புழு அவர் கண்ணெதிரிலேயே தலையை ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தது.

அவர் குனிந்து அதைக் கிட்டத்தில் பார்த்தார்.

“சாறு பட்ட இலையைத் தின்னாம, பட்டினியில மயங்கிக் கிடந்திருக்கு மேடம்.”

“இருக்கலாம். அதையும் ஆராய்ச்சி பண்ணி எழுதுவோம். செத்ததுன்னு மட்டும் எழுத முடியாது.”

போன் மூன்றாம் முறையாக அடித்தது. தேவசகாயம் எடுத்தார்.

“சின்னப்பா, என் சாறு வேணாம். அது இன்னும் சரியா வரல. கடை மருந்தே வாங்கி வை. ஆனா நீ தொடாத. வரப்புப் பக்கமே போகாத. நான் அடுத்த பஸ்ஸுல வந்து அடிக்கிறேன்.”

எதிர்முனையில் சின்னப்பன் ஏதோ கேட்டான். நீ தொடாத என்று மறுபடியும் சொல்லிவிட்டுத் தேவசகாயம் போனை வைத்தார்.

மெஹருன்னிசா அலமாரியைத் திறந்து முகமூடியையும் கையுறைகளையும் எடுத்து அவர் பைக்குள் வைத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்கும்படியும், வெயில் தாழ்ந்த பிறகே இறங்கும்படியும் சொன்னார்.

தேவசகாயம் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து பிரஷை எடுத்துப் பார்த்தார்.

“தண்ணி டப்பாவுல திரும்பத் திரும்பத் தொட்டேன். சாறு டப்பாவுல ஒரு தடவதான் தொட்டேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பாத்தேன் சார்.”

“ஏமாத்தணும்னு செய்யல மேடம். அவன் வரப்புல விழுந்து கிடந்ததுதான் கண்ணு முன்னால நின்னுச்சு. அதான் கை அழுத்தல.”

“எனக்குத் தெரியும் சார். புழுவுக்குத் தெரியாதே.”