கிடாவுக்குள்ளே ஹால்டிக்கெட்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. அந்த வீட்டு ஆட்கள் காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அதை அப்படியே செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

பாறைக்குட்டத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் மாசானம், நடுவுள்ளவர் கொம்பையா, இளையவர் உச்சிமாகாளி. மூன்று பேருக்கும் இதுவரை ஒருத்தரும் பெண் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் சொல்ல வேண்டாம், கேட்கக் கேட்க உங்களுக்கே தெரியும். தங்கச்சியும் மாப்பிள்ளையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், அவர்கள் மகள் தங்கபுஷ்பம் இந்த மாமன்மார் வீட்டில் இருந்துதான் பத்தாம் வகுப்பு படித்தாள்.

பாவம் அந்தப் பிள்ளை. பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணக்குப் பரீட்சையை நினைத்தாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை சீவினால் கொத்தாக முடி வந்தது. பள்ளிக்கூடத்தில் மாமன்மாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கவுன்சிலிங் டீச்சர் தங்கமானவர். "பிள்ளைக்கு மன அழுத்தம், பயப்பட ஒண்ணுமில்ல. வீட்டுக்குள்ள பரீட்சைப் பேச்சே எடுக்காதீங்க. படபடப்பு வந்தா மூச்சை மெதுவா இழுக்கச் சொல்லுங்க, நீங்களும் கூட இழுங்க. அவ ஏதாவது சொல்ல வந்தா, கையில இருக்கறதப் போட்டுட்டு உக்காந்து கேளுங்க. நடுவுல பேசாதீங்க, புத்தி சொல்லாதீங்க. கேட்டாலே பாதி பாரம் குறையும்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்கள்.

"மூச்சை இழு தாயி" என்றார் மாசானம். புஷ்பம் இழுத்தாள். மாமன்மாரும் இழுத்தார்கள். புஷ்பம் விட்டாள். அவர்கள் விடவில்லை. மூன்று முகமும் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. "விடுங்க மாமா!" என்று அவள் அவர்கள் முதுகில் ஆளுக்கொரு அடி வைத்த பிறகுதான் உயிர் திரும்பியது.

"டீச்சர் இழுக்கத்தானே சொன்னாவ, விடச் சொல்லலியே" என்றார் கொம்பையா.

"நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றார் மாசானம். "அதுவரைக்கும் எல்லாரும் கொஞ்சமா இழுங்க."

பரீட்சைப் பேச்சையும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. பேச வேண்டி வந்தால் மூன்று பேரும் எழுந்து வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவார்கள். "நம்ம புஷ்பத்துக்குக் கணக்குப் பரீட்சை வருது! அதுலதான் அவளுக்குப் பயம்!" என்று வாய்விட்டுப் பேசி முடித்துவிட்டுச் சாந்தமாக உள்ளே வருவார்கள். கொஞ்ச நாளில் பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரை அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும், "கணக்குல பயமாமே?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

கணக்குப் பரீட்சை நாளும் வந்தது. காலையில் ஹால்டிக்கெட்டை முற்றத்துக் கட்டிலில் வைத்துவிட்டு இட்லி தின்ன உள்ளே போனாள் புஷ்பம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வீட்டு ஆட்டுக்கிடா கட்டிலில் தலையை வைத்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது.

"மாமா! கிடா என் ஹால்டிக்கெட்டைத் திங்குது!" என்று வாசலுக்கு ஓடிவந்தாள்.

மாசானம் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார். "உக்காருங்கல, புள்ள மனசைத் திறக்கா."

மூன்று பேரும் நிலைப்படியை அடைத்துக்கொண்டு, தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள்.

"எந்திரிங்க மாமா! பாதியைத் தின்னுட்டுது!"

மூன்று தலையும் மெதுவாக ஆடின.

"வழி விடுங்க! அது இல்லாம உள்ள விட மாட்டாங்க!"

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, முழுசும் போச்சே!"

உச்சிமாகாளி அண்ணன் காதோரம் குனிந்தார். "அண்ணே, முடிச்சிட்டாளா?"

"வாய் இன்னும் திறந்துதானல இருக்கு? பொறு."

அவள் வாயை மூடியபோது கிடாவும் வாயை மூடியது. "இப்ப பாதி பாரம் குறைஞ்சிருக்குமே தாயி?" என்றார் மாசானம்.

இது பரீட்சை விஷயம் ஆயிற்றே! எழுந்து தெருவுக்குப் போய் நின்று யோசித்தார்கள்.

"சீட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார் மாசானம்.

"கிடாவுக்குள்ள."

"கிடா எங்க இருக்கு?"

"நம்மகிட்ட."

"அப்ப சீட்டு நம்மகிட்டதானல இருக்கு!"

கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம். "அதுல புள்ள படம் இருக்கே அண்ணே. படத்தப் பாக்காம எப்படி விடுவாவ?"

"படம் எதுக்கு? புள்ளையே கூட வாராளே."

உச்சிமாகாளிக்கு வேறு கவலை. "சீட்டை மடிக்கக் கூடாது, நனைக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே குடுத்தாவ?"

நியாயமான பேச்சு. கிடா காலை மடிக்காமல் இருக்க, அதைக் கட்டிலில் நிற்கவைத்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் குழாயடியைக் கண்டதும் கிடா கழுத்தை நீட்டியது. "நனைஞ்சிரும், நனைஞ்சிரும்!" என்று பதறிக்கொண்டு ஓடினார்கள்.

பின்னாலேயே ஓடி வந்தாள் புஷ்பம். "மாமா, நான் மட்டும் போய் டீச்சர்கிட்ட கேட்டுக்கிடுதேன்" என்றாள். உடனே கட்டிலை இறக்கி வைத்துவிட்டு, நடுரோட்டில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரும்வரை வாயே திறக்கவில்லை.

"என்னய்யா இது?" என்றார் வாட்ச்மேன்.

"ஹால்டிக்கெட்" என்றார் மாசானம். "மடிக்கல, பாத்துக்கோங்க."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். விம்மி விம்மி விஷயத்தைச் சொன்னாள் புஷ்பம். "இதுக்கா இப்படி நடுங்குற? ஆபீஸ்ல இன்னொரு காப்பி எடுத்துக்கலாம், வா" என்று அவள் தோளைத் தட்டினார் அவர்.

புஷ்பத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால், கிடாவை எந்த பெஞ்சில் கட்டுவது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் மாமன்மார். விட்டால் பரீட்சை ஹால் ஜன்னலில் மூன்று தலையும் இரண்டு கொம்பும் தெரியும். ஒரு நிமிஷம் யோசித்தாள். கிட்டே போனாள்.

"மாமா, உள்ள போன சீட்டு வெளிய வரும்லா? வாங்கி வைக்க ஆள் வேணுமே. அந்த வேப்பமரத்தடிக்குக் கொண்டு போங்க. நான் வாரவரைக்கும் நகராதீங்க."

மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது வேப்பமரம். கிடாவுக்குப் பின்னால் துண்டை விரித்து, கண் கொட்டாமல் உட்கார்ந்தார்கள். அந்த வருஷத்திலேயே புஷ்பம் நிம்மதியாக இருந்தது அந்தக் கணக்குப் பரீட்சையில்தான்.

எழுதி முடித்து வந்தவளிடம் மாசானம் இரண்டு கையாலும் துண்டை நீட்டினார். "உருண்டை உருண்டையா வந்திருக்கு தாயி, ஒண்ணு விடாம பொறுக்கிட்டோம். உன் படந்தான் இன்னும் வரல."

"அது வரட்டும், கேள்வித்தாளைக் கொண்டா" என்றார் கொம்பையா. "இது வீடு இல்லியே, இங்க பேசலாம். ஒவ்வொரு கேள்வியா பாத்து, எத்தனை மார்க் வரும்னு சாயங்காலம் வரைக்கும் பேசுவோம்."

புஷ்பம் கேள்வித்தாளைப் பார்த்தாள். மாமன்மாரைப் பார்த்தாள். பிறகு கேள்வித்தாளைக் கிடாவின் வாயில் கொடுத்தாள். மூன்று பேரும் அவசரமாகத் துண்டை உதறி மறுபடி விரித்தார்கள். கடைசித் துணுக்கு உள்ளே போகும்வரை நின்று பார்த்த புஷ்பம், "வெளிய வரட்டும் மாமா, பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.