ஹைட்ரஜன் போட்ட துண்டு

குருவுக்கு வயது முப்பத்தாறு, சிஷ்யருக்கு ஐம்பது. கதை என்றால் தாடி வைத்தவர்தான் குருவாக இருக்க வேண்டும் என்பீர்கள். இங்கே தாடி சிஷ்யருக்கு, என்ன செய்ய!

சிஷ்யர் தவசிமுத்து பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். மணி அடித்ததும் கல்லூரி ஆய்வகத்துக்கு ஓடுவார். ஒரு படிகத்துக்குள் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுவார். வருஷக்கணக்காக இதே வேலை. வழிநடத்தியவர் டாக்டர் இசக்கியம்மாள்.

அன்று சாயங்காலத்துக்குள் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை மதுரைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விட்டால் இன்னும் ஆறு மாதம் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் தவசிமுத்து முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்.

“என்ன அண்ணாச்சி, எழவு விழுந்த மாதிரி நிக்கீங்க? துட்டி வீட்டுக்கா போறோம்?” என்றார் கூட வந்த இசக்கியம்மாள்.

“மேடம், நாம அளந்த அதே படிகத்தை வெளிநாட்டுல நியூட்ரான் வச்சு அளந்திருக்காங்க. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல நமக்கு 0.83 ஆங்ஸ்ட்ராம். அவங்களுக்கு 0.97. நான் பாத்ததெல்லாம் தப்பா?”

ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். அதிலும் கால் பங்குகூட வராத வித்தியாசத்துக்கு மனுஷன் சோறு இறங்காமல் நின்றார்.

அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. தவசிமுத்து துக்கத்தை ஓரங்கட்டிவிட்டு, பையிலிருந்த துண்டை எடுத்து ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் வீசினார்.

உள்ளே ஒருவர் அந்த சீட்டில் உட்காரப் போனார்.

“அங்க ஆள் இருக்குய்யா!” என்று அதட்டினார் பக்கத்து சீட்டுக்காரர்.

“யாரு இருக்கா?” என்று கீழே நின்றபடி கேட்டார் இசக்கியம்மாள்.

“நாந்தான் மேடம்.”

“நீங்க இங்கல்லா நிக்கீங்க?”

“துண்டு அங்க கிடக்குல்லா?”

“அப்ப அந்த மனுஷன் சொன்னது பொய்யா?”

“அது எப்படிப் பொய்யாகும்? துண்டு கிடந்தா ஆள் இருக்குன்னுதான் அர்த்தம்.”

“எக்ஸ்ரேயும் அப்படித்தான் அண்ணாச்சி. எலெக்ட்ரானைத்தான் பாக்கும். ஹைட்ரஜன்கிட்ட இருக்கதே ஒத்த எலெக்ட்ரான். அதை ஆக்சிஜன் பக்கமா வீசி இடம் பிடிச்சிட்டு, அணுவோட கரு உங்கள மாதிரி கொஞ்சம் தள்ளி நிக்குது. நியூட்ரானுக்குத் துண்டு கண்ணுலயே படாது. நேரா ஆளைப் போய்த் தொடும்.”

தவசிமுத்து வாய் பிளந்து நின்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“அட, அப்ப ரெண்டும் சரி!”

“ரெண்டும் சரி. ஏறுங்க.”

சீட்டில் உட்கார்ந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. வாயும் திறந்துகொண்டது.

“ஒரு வில்லங்கமும் இல்ல மேடம். யாராவது சிரிச்சிருவாங்களோன்னு பயந்து, நேத்தே நம்ம 0.83-ஐ எடுத்துட்டு 0.97-ன்னு போட்டுட்டேன். ரெண்டும் சரிதான? கிடந்துட்டுப் போகட்டும்.”

இசக்கியம்மாள் ஆய்வேட்டை வாங்கிப் புரட்டினார். அட்டவணைக்கு மேலே ‘எக்ஸ்ரே மூலம் அளந்த தூரங்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

“இறங்குவோம் அண்ணாச்சி.”

“ஐயையோ மேடம்! திரும்ப அச்சடிச்சு பைண்டு போட்டு இன்னைக்குள்ள ஆகுமா? ஆறு மாசம் போயிரும். எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே விடமாட்டா. ஒரே ஒரு எண்ணு மேடம். அதுவும் சரியான எண்ணு!”

“0.83-ஐ நீங்க அளந்தீங்க. நியூட்ரான் வச்சு 0.97-ஐ அவங்க அளந்தாங்க. எக்ஸ்ரே வச்சு 0.97-ஐ அளந்தது யாருன்னு சொல்லுங்க, இறங்க வேண்டாம்.”