மீசைக்காக அஞ்சு கிலோமீட்டர்

ஒரு ஊரில் நாலு முட்டாள்கள் இருந்தார்கள் என்று இந்தக் கதையை ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த நாலில் ஒருவன் நான். அதனால் நாலு பெரிய மனுஷர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஊர் திண்டுக்கல். எனக்கு வயது ஐம்பத்தொன்று. பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்தே செய்கிற தொழில். உடம்பு மெல்ல மெல்ல நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

வினை என் மச்சினன் தவசி ரூபத்தில் வந்தது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் இடம் பிடிக்க முப்பது அடி ஓடினேன். இடம் கிடைத்தது, மூச்சுதான் கிடைக்கவில்லை. இலையைப் பார்த்தபடி கால் மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னாலும் தவசி எழுந்து நின்றான்.

"மச்சான், ரெண்டு மாசத்துல நம்ம ஊர்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டப்போட்டி வருது. ஒரு மணி நேரத்துக்குள்ள நீங்க முடிச்சுட்டா என் மீசையை எடுத்துடறேன். முடிக்கலைன்னா உங்க மீசை போகும். சம்மதமா?"

வாயில் வடை இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று நான் கவனிப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

என் மீசை பதினெட்டு வயசில் வைத்தது. அதற்கடியில் எப்படிப்பட்ட உதடு இருக்கிறது என்று கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது. எனக்கும் மறந்துபோய்விட்டது. மீசை போனால் கடைக்கு வருகிறவன் என்னையே பார்த்து "முதலாளி இல்லையா?" என்று கேட்பான்.

"தனியா ஓடி எங்கயாச்சும் விழுந்து வைக்காதீங்க. ஓடறவங்களோட போய்ச் சேருங்க" என்றாள் என் மனைவி பேச்சி.

போய்ச் சேர்ந்தேன். மைதானத்தில் ரெஜினா டீச்சர் என்று ஒரு ரிட்டையர்டு பி.டி. டீச்சர் காலையில் ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். எனக்கு முன்பே மூன்று பேர் இருந்தார்கள். டிராயிங் மாஸ்டர் எபநேசர், ஜவுளிக்கடை ரவூப் பாய், டெய்லர் முத்திருளப்பன். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"வாங்க வாங்க. இங்க யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டோம். சிரிக்கிற அளவுக்கு மூச்சு கிடையாது" என்று ரவூப் பாய் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் சொன்னார்: "ரெண்டே விதி. பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு நின்னுச்சுன்னா ஓட்டத்தையும் நிறுத்திடணும். ரெண்டாவது, கூட ஓடறவரை விட்டுட்டு வரக் கூடாது."

அவர் அந்தப் பக்கம் போனதும் எபநேசர் மாஸ்டர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "பேசிக்கிட்டே ஓடணும்னு சொன்னாங்க. ஓடாம இருக்கறப்ப பேசலாமா?"

"அதை டீச்சர் சொல்லலையே" என்றார் ரவூப் பாய். "சொல்லாததைச் செய்யறது தப்பு."

"அப்ப பேசினா ஓடணும்" என்றேன் நான். எனக்கே என் புத்திசாலித்தனம் ஆச்சரியமாக இருந்தது. முத்திருளப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கு ஓட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனோம். மாஸ்டர், "நாலு டீ" என்றார். பேசிவிட்டாரே, ஓடினார். அவரை விட்டுவிட்டு வரக் கூடாது, நாங்களும் ஓடினோம். இப்படியே மூன்று நாள் டீ இல்லை. நாலாம் நாள் முத்திருளப்பன் நாலு விரலைக் காட்டினார். டீ வந்தது. பாதி குடிக்கையில் ரவூப் பாய், "சக்கரை கம்மி" என்று சொல்லித் தொலைத்தார். கிளாஸோடு ஓடினோம்.

"யோவ்! கிளாஸை வெச்சுட்டு ஓடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே டீக்கடைக்காரரும் பின்னால் ஓடிவந்தார்.

"பரவாயில்லையே, அவருக்கும் விதி தெரிஞ்சிருக்கு" என்றார் மாஸ்டர்.

அடுத்த வாரம் முத்திருளப்பனால் ஒரு கலவரம். மனுஷன் முப்பது வருஷமாக வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தைக்கிறவர். பேசிப் பழக்கமே கிடையாது. ஒரு நாள் ஓடும்போது ஒரு சத்தமும் வரவில்லை.

"இவருக்குப் பேச்சு நின்னுடுச்சு!" என்றார் ரவூப் பாய்.

"மூச்சும் நின்னிருக்குமோ?" என்றார் மாஸ்டர்.

"ஓடறாரே" என்றேன்.

"அது பழக்கத்துல ஓடறது" என்றார் மாஸ்டர்.

ஒன்றுமில்லை என்று காட்ட முத்திருளப்பன் கையைக் காலை உதறினார். அது வலிப்பு என்று முடிவுசெய்து மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓடி ஆஸ்பத்திரியில் போட்டோம். டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லி ஏழு குண்டூசிகளை வெளியே எடுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. தூக்கி வந்த மூன்று பேருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்றிலிருந்து முத்திருளப்பன் பேச வேண்டாம், நாங்கள் பேசினால் அவர் "ம்" கொட்டினால் போதும் என்று தீர்மானம் போட்டோம்.

போட்டி நாள் வந்தது. எபநேசர் மாஸ்டர் கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பேசுவதற்கு ஐந்து விஷயங்களைச் சார்ட்டில் கலர் கலராக எழுதித் தன் முதுகில் தொங்கவிட்டிருந்தார். ரசத்துக்குப் பருப்புத் தண்ணி உண்டா இல்லையா என்பதில் தொடங்கினோம். ஐந்தாவதுதான் பலமான விஷயம். பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா, பாசுமதியா? திண்டுக்கல்லில் அதை எடுத்தால் ஆயுசுக்கும் ஓடலாம். நான் சம்பா, ரவூப் பாய் பாசுமதி. சண்டை பிரமாதமாகப் போனது, காலும் அதோடு போனது. முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நாற்பது அடிதான். நேரமோ பத்து நிமிஷம் மிச்சம்.

ரவூப் பாய் நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போச்சு.

"யோசிச்சுப் பார்த்தா நீங்க சொல்றதுதான் சரி" என்றார்.

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. நாலு பேரும் நட்ட கல் மாதிரி நின்றோம். யாராவது சொன்னால்தானே முத்திருளப்பனும் "ம்" கொட்டுவார்?

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெஜினா டீச்சர் கத்தினார். வாயைக் காட்டிக் கையை விரித்தோம். தாகம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நின்றோம். "அய்யோ அம்மா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தாலே போதும். அது எனக்கு மறுநாள் மத்தியானம்தான் தோன்றியது. அப்போது மண்டை காலியாக இருந்தது. மீசையைத் தடவிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

மூன்று நிமிஷம் இருக்கையில் தவசி வந்தான். சும்மா வரவில்லை, சலூன்காரரை மொபட்டோடு கூட்டி வந்திருந்தான்.

"என்ன மச்சான், நாற்பது அடியில மாடு மாதிரி நின்னுட்டீங்க? உங்க வம்சமே இப்படித்தான்!"

வம்சம் என்றதும் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "யாரைடா சொல்றே? எங்க கல்யாணப் பந்தியில எங்க பெரியப்பாவுக்கு ரெண்டாவது அப்பளம் வைக்காத வம்சம்தானே உங்களுது!"

வாய் திறந்ததும் கால் கிளம்பியது. "ம்!" என்று முத்திருளப்பன் கிளம்பினார். எல்லோரும் கிளம்பினோம்.

"வைச்சோம்! அவருதான் உடைச்சுத் தின்னுட்டு மறந்துட்டாரு!" என்று தவசி கூடவே ஓடிவந்தான். கோட்டைத் தாண்டினோம். டீச்சர் துள்ளிக் குதித்தார். தவசியையும் சேர்த்து ஐந்து பேர் கழுத்திலும் யாரோ பதக்கத்தை மாட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அப்பள விவகாரம் முடியவில்லையே, எப்படி நிற்பது? இருபத்தாறு வருஷத்துப் பாக்கி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் ஏறி, ஆறு கிலோமீட்டர் போனது. சலூன்காரர் மொபட்டில் பின்னாலேயே வந்தார்.

கடைசியில் ஒரு புளியமரத்தடியில் தவசி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "சரி மச்சான். அப்பளம் வைக்கலை. எங்க தப்புதான்."

எல்லோரும் நின்றோம். என் நெஞ்சு லேசாகிப்போனது. இருபத்தாறு வருஷம் கழித்து ஒருத்தன் ஒத்துக்கொண்டானே! அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தவசியும் சொன்ன சொல் தவறாதவன். மைல்கல்லில் உட்கார்ந்து முகத்தை நீட்டினான். சலூன்காரர் சோப்புப் போட்டு, இடது பக்கத்து மீசையைச் சுத்தமாக வழித்தார். கத்தியைத் துடைத்துக்கொண்டு வலது பக்கத்துக்குத் திரும்பினார்.

"மச்சான், கொஞ்சம் கோணலா இருக்கோ?" என்றான் தவசி.

பேசிவிட்டான். எங்களோடு ஆறு கிலோமீட்டர் ஓடியவனுக்கு விதியை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எழுந்து ஓடினான். "கோணல் இல்லை, பாதிதான் இருக்கு" என்று நான் ஓடினேன். "ம்" என்று முத்திருளப்பன் ஓடினார். சலூன்காரர் கத்தியும் கையுமாக மொபட்டை உதைத்தார்.

இது நடந்து பத்து நாளாகிறது. தவசி இப்போது தினமும் எங்களோடுதான் ஓடுகிறான். மீதிப் பாதி மீசை அப்படியே இருக்கிறது. சலூன்காரரும் காலையில் தவறாமல் வந்துவிடுகிறார். அவனை ஒரு நிமிஷம் வாயை மூட வைக்க இன்னும் எங்களால் முடியவில்லை.