சேர்மன் கண் முன்னால்

பனங்காட்டுத் தெரு முனையில்தான் நகராட்சி லாரி ஊர்க் குப்பை முழுவதையும் கொட்டும். நாற்றம் தாங்காமல் தெருவே ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டது. அந்த மனுவை மைக் செட் கட்டும் செவத்தியான் சேர்மன் தட்சிணாமூர்த்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சேர்மன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் என் கண் முன்னாடி கையெழுத்துப் போட்டாத்தான் மனு செல்லும். அதான் சட்டம். ஆனா என் ரூமுக்குள்ள ரெண்டு பேருக்கு மேல விடமாட்டேன். அதுவும் சட்டம்தான்."

எந்தச் சட்டமோ! அந்த ஆள் வாய்க்கு வந்ததெல்லாம் சட்டம்.

"சரிங்கய்யா" என்று செவத்தியான் திரும்பிவிட்டான்.

மறுவாரம் ஊரெல்லாம் போஸ்டர்: 'மக்கள் தொண்டர் தட்சிணாமூர்த்திக்கு மாபெரும் பாராட்டு விழா!' பொன்னாடை என்றால் சேர்மன் நரகத்துக்கும் போவார். வந்து பார்த்தால், மேடை குப்பைமேட்டை ஒட்டி நின்றது. மாலையும் கையுமாகக் கூட்டம் வளைத்துக்கொண்டதால் திரும்பிப் போகவும் முடியவில்லை. உட்கார்ந்தார்.

செவத்தியான் மைக்கைப் பிடித்தான். "ஐயா கண் முன்னாடிதான் கையெழுத்துப் போடணுமாம். எல்லாரும் வரிசையா வாங்க. அவசரமே இல்ல."

பாதி வரிசை நகர்வதற்குள் பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சேர்மன் எழுந்தார். "போதும்டா! மூச்சு முட்டுது. மொதல்ல இந்தக் குப்பையை அள்ளச் சொல்லு!"

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

"உத்தரவு போட்டுட்டீங்க, சந்தோஷம். ஆனா உக்காருங்கய்யா" என்றான் செவத்தியான். "இங்கதான் எங்க பிள்ளைங்க சோறு திங்குதுங்க. உங்களால உக்காரக்கூடவா முடியல?"