மீன் விலங்கு

வில்வநாதன் பேருந்திலிருந்து இறங்கியதும் ஓட ஆரம்பித்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் வந்தது.

மயிலாடுதுறையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர். பழைய கைவிலங்கு, கால்விலங்கு என்றால் சோறு தண்ணீர் மறந்துபோகும். அந்தப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்கவைத்தவர் தரங்கம்பாடி ஹெப்சிபா டீச்சர். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பாடம் எடுப்பவர். வில்வநாதனைவிட வயதில் இளையவர். ஆனால் விலங்கு விஷயத்தில் அவர்தான் குரு. துருவைத் தடவி இரும்பின் வயதைச் சொல்வது, போலியைக் கண்டுபிடிப்பது எல்லாம் டீச்சரிடம் கற்றதுதான்.

"டீச்சர்! டீச்சர்! கதவைத் திறங்க!"

டீச்சர் வந்து திறந்தார்.

"என்ன சார், இப்படி மூச்சு வாங்குது?"

"கண்ணை மூடுங்க."

மூடினார். துண்டு விலகியது.

"இப்பப் பாருங்க."

டீச்சர் பார்த்தார்.

முட்டை வடிவத்தில் இரண்டு வளையங்கள். ஒன்று வில்வநாதனின் மணிக்கட்டில், இன்னொன்று சங்கிலியில் தொங்கிக்கொண்டு. பூட்டின் முகத்தில் கடுகளவு மீன் ஒன்று செதுக்கியிருந்தது.

அச்சு அசலாக அதேபோல ஒன்று டீச்சரின் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் இருந்தது. யார் செய்தது என்று தெரியாது. சாவி இல்லை. அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். டீச்சர் யாரையும் தொட விடமாட்டார். உலகத்தில் அது ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"மீன் விலங்கு!" டீச்சர் கத்தியேவிட்டார். "எங்க சார் பிடிச்சீங்க?"

"காரைக்குடியில, பழைய சாமான் கடையில. ஒரு அண்டாவுக்குள்ள கிடந்துச்சு டீச்சர்! கடைக்காரருக்கு அது என்னன்னே தெரியல."

"சரி, அதை ஏன் கையில மாட்டியிருக்கீங்க?"

வில்வநாதன் தலையைச் சொறிந்தார்.

"சும்மா போட்டுப் பார்த்தேன். கிளிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அடடா! என்ன சத்தம் டீச்சர் அது!"

"திறக்க வரல."

"வரல."

"பஸ்ஸுல இப்படியேவா வந்தீங்க?"

"துண்டு நழுவிடுச்சு. பக்கத்துல இருந்த அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. கண்டக்டர் எட்ட நின்னே டிக்கெட்டை நீட்டினாரு. வழி முழுக்க சீட்டுல நான் ஒருத்தன்தான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டீச்சர் அவர் கையைப் பிடித்தார். உடனே சிரிப்பு நின்றது. விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன.

"வலிக்குதா?"

"காலையில வலிச்சுது. இப்ப ஒண்ணும் தெரியல."

டீச்சர் சாவிப் பெட்டியைக் கொட்டினார். ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். சில சாவிகள் நுழையவே இல்லை. நுழைந்தவை பாதி திரும்பி நின்றன. அவர் ரம்பத்தை எடுத்தார்.

வில்வநாதன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேணாம் டீச்சர்."

"தோலுக்கும் இரும்புக்கும் நடுவுல தகடு வச்சு மெதுவா அறுக்கறேன். காயம் படாது."

"காயத்துக்காகச் சொல்லல. இதை அறுக்கக் கூடாது."

"கை முக்கியமா, விலங்கு முக்கியமா சார்?"

வில்வநாதன் பூட்டின் மீது இருந்த மீனை இடது கையால் தடவினார்.

"அதை மட்டும் கேட்காதீங்க டீச்சர்," என்றார். கண் கலங்கியிருந்தது.

டீச்சர் அலமாரிக்குப் போனார். கண்ணாடியைத் திறந்தார். நடுத்தட்டிலிருந்த மீன் விலங்கை எடுத்துவந்து பட்டறை மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினார்.

"என்ன செய்யறீங்க?"

ரம்பம் இரும்பில் பதிந்தது.

"ஐயோ டீச்சர்! நிறுத்துங்க!"

நிறுத்தவில்லை. இரும்புத்தூள் மேசையில் உதிர்ந்தது. வில்வநாதன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் பூட்டின் வயிறு இரண்டாகப் பிளந்தது.

"சார்!" டீச்சரின் குரல் எகிறியது. "இங்க வாங்க சார், ஓடி வாங்க! ரெண்டு தகடு! ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்துத் தூக்கினாத்தான் பூட்டோட நாக்கு விலகும். அதான் நம்ம சாவி எல்லாம் பாதியில நின்னுச்சு!"

நுழைந்த சாவிகளில் தடித்த ஒன்றை எடுத்தார். பிளந்த பூட்டுக்குள் வைத்து அளந்தார், அரத்தால் ராவினார், மறுபடி அளந்தார். முதல் தகட்டுக்கான படி சரியாக வந்தது. இரண்டாவது படி உயரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ராவினார். நெற்றி வியர்வை மேசையில் சொட்டியது. வில்வநாதன் இப்போது தன் வலியையும் மறந்து சாவியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். சாவி நுழைந்தது. பாதி திரும்பியது. ஒரு கணம் நின்றது. டீச்சர் லேசாக அழுத்தினார்.

கிளிக்.

வளையம் வாய் திறந்தது. ரத்தம் பாய்ந்து விரல்கள் சிவந்தன. வில்வநாதன் அலறினார், பிறகு சிரித்தார், பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஐந்தும் மடங்கின.

அப்புறம்தான் அவர் பார்வை வைஸின் பக்கம் போனது. பிளந்து கிடந்த பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"என்னுதைக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க. உங்களுது போயிடுச்சே டீச்சர். எப்படி மனசு வந்துச்சு?"

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிளந்த பூட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே இருந்த தகட்டைச் சுண்டுவிரலால் உயர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது துள்ளி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார்.

"எங்க சார் போச்சு?" என்றார். "இத்தனை வருஷமா இது அலமாரிக்குத்தான் சொந்தமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் எனக்குக் கிடைச்சிருக்கு."