அரண்மனைக் கஞ்சி குடித்த பதினோரு பேர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு கடற்கரை நாட்டில், செவ்வந்தியப்பன் என்றொரு அரசவை விகடன் இருந்தான். அந்நாட்டு மீனவர் பதினோரு பேரைப் புயல் இழுத்துப்போய் எதிர்த்தீவில் ஒதுக்கிவிட்டது. தீவரசன் அவர்களைச் சிறையில் போட்டு ஏழு மாதமாயிற்று. அவர்களில் ஒருவன் சடையாண்டி, விகடனின் மைத்துனன்.

"படையும் வேண்டாம், பரிசும் வேண்டாம் மன்னா. தன் வாயே ஆயுதம் என்பாரே விகடர், அதை மட்டும் கொண்டுபோய் மீட்டு வரட்டும்" என்றார் பொறாமைக்கார மந்திரி வீரபாகு.

மன்னருக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. "வெறுங்கையோடு திரும்பினால் உன் தலை தப்பாது" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் விகடனின் மனைவி பொன்னுருவி கட்டுச்சோற்றை முடிந்துகொண்டே, "தம்பியக் கூட்டியாங்க. நீங்களும் வந்து சேருங்க" என்றாள்.

"ரெண்டுல எது முதல்ல?"

"சிரிக்க வைக்காதீங்க. அழுகதான் வருது."

தூது ஓலையோடு தீவில் இறங்கியவன், கிணற்றடியில் தண்ணீர் கேட்டான். இறைத்துக்கொண்டிருந்த பெண் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏன் ஓடினாள் என்பது தெருமுனையில் புரிந்தது. பௌர்ணமிதோறும் சட்டத்தை முரசறைந்து சொல்வது அத்தீவின் வழக்கம். அன்று பௌர்ணமி.

"அனுமதியின்றி நம் மண்ணை மிதிக்கும் அந்நியர் சிறை செல்வர். அவருக்குச் சோறும் கூரையும் கொடுப்பவர் யாராயினும் அவரும் சிறை செல்வர்."

விகடன் தூது ஓலையைக் காட்டிச் சிறைக்குப் போய்க் கம்பி வழியே பார்த்தான். சடையாண்டி பாதியாக இளைத்திருந்தான்.

"அக்கா நல்லாருக்கா மச்சான்?"

"இருக்கா. சாப்பாடு?"

"அரண்மனைக் கஞ்சி. மத்தியானம் ஒரு வேள."

அவைக்குள் நுழைந்ததும் தீவரசன் சொன்னான்: "விடுதலை என்று ஒரு சொல் உம் வாயில் வந்தாலும், பன்னிரண்டாவது ஆளாக உள்ளே போவீர்."

"அதைக் கேட்க வரவில்லை, அரசே. ஒரு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க வந்தேன். பதினோரு அந்நியருக்கு ஏழு மாதமாகச் சோறும் கூரையும் கொடுத்து வருகிறார்."

"யாரவன்? இப்போதே அடைக்கிறேன்."

விகடன் பொன்னுருவியை நினைத்துக்கொண்டான்.

"தாங்கள்தான், அரசே."

வாள்கள் பாதி உருவப்பட்டன. தீவரசன் முரசறைபவனை அழைத்துச் சட்டத்தை மறுபடி சொல்லச் சொன்னான். 'யாராயினும்' என்ற இடத்தில் முரசறைபவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கஞ்சியை நிறுத்திவிட்டால்?" என்றான் அரசன் மெதுவாக.

"செத்துப்போவார்கள். மண்ணை மிதித்ததற்கு மரணம் என்று முரசு சொல்லவில்லையே, அரசே."

தீவரசன் சாளரம் வழியே சமையற்கூடத்துப் புகையைப் பார்த்தான்.

"இன்றைய கஞ்சி கொதிப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் தீவரசன்.

பதினோரு பேரையும் தம் நாட்டுக் கரையில் கண்டதும் மன்னர் கண்ணீர் வரச் சிரித்தார். வீரபாகுவின் முகம் சுண்டிவிட்டது.

"என்ன வேண்டும், கேள்."

"உட்கார ஓர் இடம், மன்னா. என் முழங்கால்கள் இன்னும் தீவிலிருந்து திரும்பவில்லை."

மன்னர் மறுபடி சிரித்தார். அன்றுமுதல் அந்த அவையில் மன்னருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் விகடன் ஒருவன்தான். வீரபாகு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.