ராஜா வளர்த்த பட்டுப்புழு

அந்தக் காலத்திலே தும்பலூர் நாட்டை மருதேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். தங்கமான மனுஷர்தான், ஆனால் கோபம் மட்டும் மூக்குமேலே இருக்கும்.

அவருக்கு இரண்டு பட்டுப்புழுக் கொட்டகைகள். ஒன்றைப் பொன்னுருவி என்கிற பெண் கவனித்தாள். இன்னொன்று அரசவைப் பிரபு அப்பண்ணராயர் பொறுப்பு. புழு தின்கிற முசுக்கொட்டை இலை அரண்மனைத் தோட்டத்திலிருந்து இரண்டுக்கும் சரிபாதி. பொன்னுருவியின் பட்டை ராணி ஒருநாள் வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டாள். வந்ததே ராயருக்கு வயிற்றெரிச்சல்!

மறுநாளே இரண்டு தட்டுகளோடு சபைக்கு வந்தார். "மகாராஜா, என் புழுக்களைப் பாருங்கள்! எல்லாம் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவு. இவள் தட்டில் பாதி கொழுகொழு, பாதி நோஞ்சான். பாதிப் புழுவைப் பட்டினி போட்டு இலையைத் திருடுகிறாள்!"

"அடிப்பாவி! நாளைக்குள் நாட்டைவிட்டுப் போய்விடு" என்று கத்தினார் ராஜா.

"சாமி, ஓர் இலைகூட நான் எடுத்ததில்லை" என்று பொன்னுருவி அழுதாள். "சின்னதெல்லாம் ஆண் புழு, சாமி!"

சபையே சிரித்தது. அமைச்சர் சாத்தப்பர் மட்டும் சிரிக்கவில்லை. "மகாராஜா, நாற்பது நாள் பொறுங்கள். குஞ்சுப் புழுவாக இரண்டு தட்டு தருகிறேன். ஒன்றுக்கு நீங்களே வயிறு நிறைய இலை போடுங்கள். மற்றதற்கு நான் பாதி வயிறுதான் போடுவேன்."

ராஜாவுக்குப் புது விளையாட்டு என்றால் கேட்கவா வேண்டும்! தன் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு இலை போட்டார். கடைசியில் பார்த்தால், அவர் தட்டிலும் பாதி பெரிசு, பாதி சிறிசு!

"ஐயையோ, நான் ஓர் இலையும் திருடலையப்பா!" என்று ராஜா பதறிப்போனார்.

பெரிய புழு கட்டிய கூட்டையும் சிறியது கட்டிய கூட்டையும் தனித்தனியே வைத்திருந்தார்கள். பெரியதிலிருந்து வந்த பூச்சிகள் முட்டையிட்டன. சிறியதிலிருந்து வந்த ஒன்றுகூட இடவில்லை.

"பொண்ணு முட்டை சுமக்கணுமே, சாமி" என்றாள் பொன்னுருவி. "இலை நிறையக் கிடைச்சா நல்லா வளர்ந்துக்கும். ஆண், எவ்வளவு போட்டாலும் ஓரளவோட நின்னுடும். இலை குறைஞ்சாத்தான் ரெண்டும் ஒரே அளவு."

சாத்தப்பர் தன் தட்டின் கூடுகளை முன்னே வைத்தார். எல்லாம் ஒரே அளவு. "இந்தப் பட்டினித் தட்டு மாதிரி வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா, மகாராஜா?"

ராஜா மெல்ல ராயர் பக்கம் திரும்பினார். ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "வீட்டில்... பன்னிரண்டு ஆடு இருக்கிறது, மகாராஜா. இலையெல்லாம் அதுங்களுக்கு..."

"இனி ஒரு வருஷம் உம்முடைய தலையில் இலைக்கூடை. சுமந்துவந்து இந்த அம்மாளிடம் கொடும்!" என்றார் ராஜா. பிறகு சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து பொன்னுருவியைப் பார்த்துக் கைகூப்பினார். "இத்தனை வருஷம் உன் பட்டைத்தான் உடுத்தினேன், தாயே. ஒரு நன்றி சொன்னதில்லை. உன்னைத் துரத்தவும் பார்த்தேன். மன்னித்துவிடு. என்ன வேண்டுமோ கேள்."

பொன்னுருவி முதலில் சாத்தப்பரைக் கும்பிட்டாள். "எல்லாரும் சிரிச்சப்போ நீங்க சிரிக்கலையே ஐயா, அதை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாவிடம் சொன்னாள்: "ராயர் கொட்டகைப் புழுவையும் எங்கிட்டயே கொடுத்துடுங்க, சாமி. பாவம், இன்னிக்காவது அதுங்க வயிறு நிறையட்டும்."